பேசத் தெரியாத பிள்ளையின் உடலில் கத்தி வைக்க அதிகாரம் எவருக்கு?

2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் நாள் தமிழ்நாட்டு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. ஆண் என்றோ பெண் என்றோ உடனே துணிந்து கூறமுடியாத உறுப்பமைப்புடன் பிறக்கும் குழந்தைகளுக்கு, உயிருக்கு ஆபத்து நேர்ந்தாலன்றி, பால் திருத்தும் சத்திரசிகிச்சை செய்தலாகாது என்பதே அவ்வாணை. பாக்கு நீரிணைக்கு அப்பால், நம் மொழி பேசும் அரசொன்று இதனைச் செய்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. கொழும்பு ஆட்சியாளர் இதனைக் கேட்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை. அதில் நமக்கு வியப்பில்லை. நம்மவர் வாயும் திறக்கவில்லையே, அதுவே நம் நெஞ்சை உறுத்துகின்றது. பேச வெட்கப்படும் பொருள் என்று மூடிவைத்த இதனை இன்று வெளிச்சத்தில் வைத்துப் பேச முன்வந்துள்ளோம். வைத்தியரும் வழக்கறிஞரும் ஆசிரியரும் உழவரும் ஒருங்கே படிக்கும் ஏடு இது. முகஞ் சுளியாது இறுதிவரை படிக்குமாறு அவர் யாவரையும் வேண்டுகின்றோம்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்ளல் வேண்டும். பிறப்பிலேயே உறுப்போ நிறமூர்த்தமோ ஓமோனோ வழமையான ஆண், பெண் அமைப்புக்கு ஒத்துவராதவர் இடைப்பாலினத்தவர். உடல் தெளிவாக ஒரு பாலாய் இருந்தும், தாம் அப்பாலினர் அல்லர் என்று உள்ளத்தால் உணர்வோர் திருநங்கையரும் திருநம்பியரும் ஆவர். இரு சாராரையும் ஒரே இழிசொல்லால் குறிப்பது நம்மூர் வழக்கம். அவ்வழக்கத்தை அடியோடு விடுதல் நன்று. மருத்துவத்தில் இவர்தம் தேவைகள் வெவ்வேறு. ஆயினும் சட்டத்தின் முன் இருவரிடத்தும் எழும் வினா ஒன்றே. பதினெட்டு வயது நிரம்பாத ஒருவரின் உடலில், பின்னர் மீட்கவியலாத மாற்றத்தைச் செய்வதற்கு முடிவெடுப்பவர் யார்? பெற்றோரா, வைத்தியரா, பாராளுமன்றமா, அப்பிள்ளையா?

இடைப்பாலினக் குழந்தைகளுள் ஒரு வகையினரைப் பற்றி நம் உழவர் குடும்பங்கள் கட்டாயம் அறிந்திருத்தல் வேண்டும். சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள அதிரீனற் சுரப்பி பிறவியிலேயே பழுதுபட்டு, உடலுக்கு இன்றியமையாத ஓமோனைப் போதிய அளவு சுரக்க முடியாமற் போவது ஒரு நோய். கருவிலிருக்கும் பெண்குழந்தைக்கு இது நேரின், ஆண்மை ஓமோன் மிகுந்து, வெளியுறுப்பு ஆணுறுப்பின் சாயலைப் பெறுகின்றது. நோய் கடுமையானால் உடலிலுள்ள உப்பெல்லாம் சிறுநீரோடு வெளியேறும். பிறந்த சில வாரங்களுக்குள் குழந்தை வாந்தியெடுத்து, வாடிச் சுருண்டு, இறந்தும் போகும். ஆண்குழந்தைக்கோ உறுப்பில் வேறுபாடு தெரிவதில்லையாகையால் நோய் அறியப்படாமலே உயிர் போகும் ஆபத்து இன்னும் மிகுதி. தாய் தந்தை இருவரிடமும் அப்பழுது மறைந்து கிடந்தால் மட்டுமே பிள்ளைக்கு இது வரும். ஆதலால் மச்சான் மச்சாள் முறையில் மணம்புரியும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்புச் சற்றுக் கூடுதல். அவ்வுறவு முறையை நாம் பழிக்க வரவில்லை, அறிந்திருங்கள் என்கின்றோம்.

இந்நோய்க்கு உடனடி மருந்து யாது? ஐதரோகோட்டிசோன் மாத்திரையும், உப்பைக் காக்கும் இன்னொரு மாத்திரையும், கைக்குழந்தைக்கு அளந்து கொடுக்கும் சிறிது உப்புமே. வாழ்நாள் முழுவதும் தவறாது கொடுத்துவரின் பிள்ளை வளரும், பள்ளி செல்லும், பெண்ணாயின் தாயாகவும் கூடும். உயிரைக் காப்பவை அம்மாத்திரைகள். உறுப்பின் தோற்றத்தைத் திருத்தும் கத்தி ஆற்றுவது பார்ப்போர் கண்ணையே. ஆனால் அவசரம் எதற்கு என்பதை நம் சமூகம் தலைகீழாக விளங்கி வைத்திருக்கின்றது. முல்லைத்தீவின் உட்கிராமம் ஒன்றில் அம்மாத்திரை மாதந்தோறும் தடையின்றிக் கிடைக்குமா என்று கேட்பார் அரியர். "இதை எப்போது சரிப்படுத்துவார்கள்" என்று கேட்பாரோ பலர்.

இன்னொரு வகை, பதின்மூன்று பதினான்கு வயதுவரை எவர் கண்ணுக்கும் புலப்படாதது. பெண்ணாய்ப் பிறந்து பெண்ணாய் வளர்ந்த பிள்ளை, வயது ஏறியும் பூப்படைவதில்லை. சோதித்துப் பார்த்தால் நிறமூர்த்தம் ஆணுடையது. வயிற்றினுள் விதைகள் இருக்கின்றன. ஆயின் அவை சுரக்கும் ஆண்மை ஓமோனை உடல் ஏற்பதில்லை. தோழியர் யாவர்க்கும் சாமத்தியச் சடங்கு நடந்து முடிந்திருக்கும். இவள் வீட்டில் மட்டும் பந்தல் எழாது. அயலார் வாய் திறக்கத் தொடங்குவர்; தாய் கோயில் கோயிலாக நேர்த்தி வைப்பாள். அப்பிள்ளையின் துயரம் சிறிதன்று. அவ்விதைகளை உடனே அகற்றிவிடுதலே முன்னாள் வழமை. பருவ வளர்ச்சிக்கு வேண்டிய ஓமோனை அவையே அவளுக்குத் தருகின்றன என்பதையும், அகற்றினால் ஆயுள் முழுதும் மருந்தை நம்பியிருக்க வேண்டும் என்பதையும் அறிந்த இன்றைய வைத்தியர், பருவம் எய்தும்வரை பொறுத்து, அவளிடமே விளக்கிக் கூறி, அவள் விருப்பத்தையும் கேட்கலாம் என்கின்றனர். பொறுத்திருக்க முடியும் என்றால், கேட்காமல் அறுப்பதற்கு என்ன நியாயம்?

பெற்றோர் சார்பில் ஒரு வாதம் உண்டு. "பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் ஏளனம் செய்வார்கள், நினைவு தெரியுமுன் முடித்துவிட்டால் நோவும் மறந்துபோம், வடுவும் மறைந்துபோம்." அன்பினால் எழும் இவ்வாதத்தை நாம் எள்ளி நகையாடமாட்டோம். ஆனால் வடு மறைவதில்லை. உணர்ச்சியிழப்பும், திரும்பத் திரும்பச் செய்யவேண்டிவரும் சத்திரசிகிச்சையும், மகப்பேற்று ஆற்றலின் இழப்பும் சிலருக்கு நேர்ந்துள்ளன. எல்லாவற்றினும் கொடிது, பெண்ணாக்கப்பட்ட பிள்ளை வளர்ந்து, தான் ஆண் என்று நிற்பது. அப்போது இழந்ததை எந்த வைத்தியன் மீட்டுத் தருவான்?

இவ்வவசரச் சத்திரசிகிச்சை நம் முன்னோர் வகுத்த நெறியுமன்று. 1950களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவ நிலையத்தில், ஜோன் மணி என்னும் உளவியலாளரும் அவர்தம் கூட்டத்தினரும் உருவாக்கிய கொள்கையின் வழி வந்தது அது. குழந்தையின் பாலுணர்வு வளர்ப்பினால் அமைவது, ஆகவே இளமையிலேயே உறுப்பைத் திருத்தி ஒரு பாலாக வளர்த்தால் அவ்வாறே நிலைத்துவிடும் என்பது அக்கொள்கை. அதற்குச் சான்றாய் அவர் காட்டியது கனடாவில் 1965இல் பிறந்த டேவிட் றைமர் என்னும் பிள்ளையை. இடைப்பாலினக் குழந்தையன்று, சுன்னத்துச் செய்கையில் உறுப்பு எரிந்துபோன ஆண்குழந்தை. பெண்ணாய் வளர்க்கப்பட்ட அவன் பதின்ம வயதில் உண்மை அறிந்து, ஆணாகவே வாழத் தலைப்பட்டு, 2004இல் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். வெற்றி என்று ஏடுகளில் எழுதப்பட்டதன் முடிவு அதுவாயிற்று.

தமிழ்நாட்டு ஆணை எவ்வாறு பிறந்தது என்பதும் அறியத்தக்கது. தூத்துக்குடிக் கோயிலொன்றில் 2018இல் மணம்புரிந்த ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் தம் திருமணத்தைப் பதிவுசெய்ய மறுக்கப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடினர். நீதியரசர் ஜி. ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரல் 22இல் அளித்த தீர்ப்பில், மணமகள் என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என்றார். அத்துடன் நில்லாது, இடைப்பாலினக் குழந்தைகள் மீது செய்யப்படும் சத்திரசிகிச்சையை நிறுத்துமாறும் அரசைப் பணித்தார். நான்கு திங்களுக்குள் ஆணை வெளிவந்தது. உயிராபத்து உண்டா இல்லையா என்று தீர்மானிப்பதைத் தனியொரு வைத்தியரின் கையில் விடாமல், சிறுவர் சத்திரசிகிச்சை நிபுணரும் அகஞ்சுரப்பியியல் நிபுணரும் சமூகப் பணித்துறை சார்ந்தவரும் அரசுப் பிரதிநிதியும் அமர்ந்த குழுவிடம் அது ஒப்படைத்தது. ஆணை என்பது சட்டமன்றம் இயற்றும் சட்டத்தின் வலிமை உடையதன்று. அதை மீறுவோர்க்குத் தண்டனை என்ன என்ற கேள்வியும் உண்டு. மோல்ற்றாத் தீவு 2015இலும், ஜேர்மனி 2021இலும் சட்டமாகவே இயற்றின. எனினும் ஒன்றுமில்லாத நம் நிலைக்கு அவ்வாணை மலையளவு மேல்.

இனி, கடல் கடந்த நாடுகளில் இப்பொருள்பற்றி நடக்கும் ஆரவாரத்தை நம்மவர் சிலர் செய்தித்தாளிற் படித்து, "அமெரிக்காவே தடைசெய்துவிட்டது" என்று மேடைகளில் முழங்குகின்றனர். எதைத் தடைசெய்தது என்று அவர்கள் படிப்பதில்லை. 2021இல் ஆர்கன்சோ மாநிலம் தொடங்கிவைக்க, இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் அதனைப் பின்பற்றின. தம் பால் வேறென்று உணரும் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குப் பூப்பைத் தள்ளிவைக்கும் மருந்தையும் ஓமோனையும் வைத்தியர் கொடுக்கலாகாது என்று அவை விதித்தன. தெனெசி மாநிலத்தின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் செல்லும் என்று அந்நாட்டு மீயுயர் நீதிமன்றம் 2025 யூன் 18ஆம் நாள் 6க்கு 3 என்ற வாக்கினால் தீர்ப்பளித்தது. அதே தெனெசிச் சட்டத்தினுள் ஒரு விலக்கு உண்டு: பிறவிக் குறைபாட்டுக்காகச் செய்யப்படும் சிகிச்சைக்குத் தடையில்லை. அதாவது, "எனக்கு இது வேண்டும்" என்று வாய்விட்டுக் கேட்கும் பதினாறு வயதினருக்கு மருந்தும் இல்லை. வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லத் தெரியாத ஆறு மாதக் குழந்தைக்குக் கத்தி உண்டு! பிள்ளைகளைக் காக்கும் சட்டம் என்று இதற்குப் பெயர். இதனையா நாம் கடன்வாங்குவது?

இங்கிலாந்தின் வழி வேறு. அங்கு மருத்துவர் ஹிலரி காஸ் தலைமையில் நடந்த ஆய்வு 2024 ஏப்ரலில் வெளியாகி, அம்மருந்துகளின் நன்மைக்குக் காட்டப்படும் சான்று வலுவற்றது என்று கூறிற்று. அவ்வாண்டு டிசம்பரில் அந்நாட்டு அரசு பூப்பைத் தள்ளிவைக்கும் மருந்தைச் சிறுவருக்குப் புதிதாகக் கொடுப்பதைக் காலவரையறையின்றித் தடுத்தது. அம்முடிவை ஏற்காத மருத்துவச் சங்கங்களும் பிற நாடுகளில் உள. நாம் வைத்தியரல்லேம், அவ்வழக்கைத் தீர்க்க வரவில்லை. சான்று வலுவற்றதாயின் பொறுமையும் ஆராய்ச்சியும் வேண்டும் என்பது நமக்கும் உடன்பாடே. ஆனால் அதே உரைகல்லைக் குழந்தைகள்மீது செய்யும் சத்திரசிகிச்சைக்கும் வையுங்கள் என்கின்றோம். அங்கே மட்டும் சான்று கேட்பார் இல்லாதது ஏன்?

வன்னியில் பதினைந்து வயதுத் திருநங்கைப் பிள்ளைக்கு நேர்வது ஓமோன் மருந்து அன்று. அடியும், மொட்டையும், பேயோட்டலும், பள்ளியை விட்டு விலக்கலுமே. தமிழ்நாட்டில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் 2021 யூன் 7இல் அளித்த கட்டளையில், இத்தகையோரை 'மாற்றிக் காட்டுகிறோம்' என்னும் போலிச் சிகிச்சைகளைத் தடுக்குமாறு பணித்தார். 2022இல் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் அதனைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. அப்பிள்ளைகளின் வாயைக் கட்டுவதற்குச் சட்டம் தேடுவோர், அவர்கள் முதுகில் விழும் அடியைத் தடுக்கச் சட்டம் தேடுவதில்லை.

"இஃதெல்லாம் மேனாட்டார் இறக்கிவிட்ட சரக்கு, தமிழர் பண்பாட்டுக்கு ஒவ்வாது" என்பார் உளர். அவர்கள் தமிழை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, கிளவியாக்கத்தில், ஆண்மை திரிந்தோரை உயர்திணையில் வைத்து, அவரைக் குறிக்கும் சொல் எவ்வாறு முடியும் என்று இலக்கணம் வகுத்தார். அஃறிணையில் தள்ளவில்லை. மேனாட்டுச் சரக்கு எது? 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும், 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவும் வெள்ளையர் எழுதிவைத்துப் போனவை. இன்றும் இத்தகையோரைத் துரத்தப் பயன்படுவன அவை. வெள்ளையன் சட்டத்தைக் கட்டியணைத்துக்கொண்டு பண்பாடு பேசுவது நகைப்புக்கிடமானது.

இலங்கை நாட்டில் இடைப்பாலினக் குழந்தையைக் காக்கும் சட்டம் ஒன்றும் இல்லை. சுகாதார அமைச்சு 2016இல் வெளியிட்ட 01-34/2016 இலக்கச் சுற்றறிக்கை, மனநல மருத்துவ நிபுணர் வழியாகப் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, பிறப்புப் பதிவையும் அடையாள அட்டையையும் திருத்திக்கொள்ள வழி செய்தது. நல்லது, வரவேற்கின்றோம். ஆனால் சுற்றறிக்கை என்பது அமைச்சு நினைத்தால் மாற்றக்கூடிய தாள். தொட்டிலிற் கிடக்கும் குழந்தையைப் பற்றி அதிற் பேச்சில்லை. 2024இல் பால்நிலைச் சமத்துவச் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்திற்கு வந்தது. அது அரசியலமைப்புக்கு முரணானது, மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் மக்கள் தீர்ப்பும் இன்றி நிறைவேறாது என்று உயர் நீதிமன்றம் கூறியது யூன் மாதத்தில் சபையில் அறிவிக்கப்பட்டது. அத்துடன் கதவு சாத்தப்பட்டது. குழந்தைகளின் உரிமை பற்றிய உலக உடன்படிக்கையை இந்நாடு 1991இல் ஏற்றது. தன்னைப் பாதிக்கும் எக்கருமத்திலும் குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது அதன் 12ஆம் உறுப்புரை. ஒப்பமிட்ட கை எங்கே போயிற்று?

அடையாள அட்டை என்றோம். அதன் இலக்கத்தைப் பலர் கூர்ந்து பார்ப்பதில்லை. பிறந்த ஆண்டும், அவ்வாண்டில் எத்தனையாவது நாளிற் பிறந்தார் என்பதும் அதில் உண்டு. பெண்ணாயின் அந்நாளெண்ணோடு 500ஐக் கூட்டி எழுதுவர். பதினைந்து வயதில் பிள்ளையின் பால் அவ்வாறு எண்ணாய்ப் பொறிக்கப்பட்டுவிடுகின்றது. கொழும்பிலிருப்போருக்கு இஃது அலுவலகச் செய்தி. 2009க்குப் பின் செட்டிகுளத்து முகாம்களிலிருந்து வெளிவந்த வன்னி மக்களுக்கு, சோதனைச் சாவடிதோறும் அட்டையை நீட்டி நின்றவர்களுக்கு, எண்ணும் முகமும் பொருந்தாத பிள்ளைக்கு என்ன நேரும் என்று நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆள்மாறாட்டம் என்று வழக்குப் போடவும் அதே 1883ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு உண்டு. பிறந்து 42 நாளுக்குள் பிறப்பைப் பதிக்க வேண்டும் என்பது விதி. பிள்ளை ஆணா பெண்ணா என்று பதிவாளர் கேட்பார். நிறமூர்த்தச் சோதனையின் பெறுபேறு வருமுன் அவசரப்பட்டு ஒன்றைச் சொல்லிவிட்டு, அச்சொல்லுக்குப் பொருந்தப் பிள்ளையின் உடலைத் திருத்தும் நிலைக்குப் பெற்றோர் தள்ளப்படலாமா? பதிவேட்டுக்காகப் பிள்ளையா, பிள்ளைக்காகப் பதிவேடா?

கிளிநொச்சியிலோ ஒட்டுசுட்டானிலோ இத்தகைய குழந்தை பிறந்தால், சிறப்பு வைத்தியத்துக்குப் பொறளைச் சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைவரை 300 கிலோமீற்றருக்கு மேல் போகவேண்டி வரும். காலபோக விதைப்புக் காலத்தில், இரணைமடு வாய்க்கால் திறந்த வேளையில், வயலை விட்டுவிட்டு இரண்டு மூன்று நாள் கொழும்பில் தங்குவது உழவனுக்கு எளிதா? ஒருமுறை போய் வந்தவன் மறுமுறை போவதற்குக் கடன்படுகின்றான். "ஒரேயடியாக முடித்துவிடுங்கள், ஐயா" என்று வைத்தியரைக் கெஞ்சுவதற்கு வறுமையும் தூரமும் போதிய காரணங்கள். ஆகவே சத்திரசிகிச்சையை ஒத்திவைக்கும் சட்டம் மட்டும் போதாது. ஒத்திவைத்த காலம் முழுதும் குடும்பம் நாடிச்செல்ல வவுனியாவில் கிரமமாக நடக்கும் சிறுவர் அகஞ்சுரப்பியியல் சிகிச்சையகமும், வன்னியின் ஒவ்வொரு மாவட்ட வைத்தியசாலையிலும் தட்டுப்பாடில்லாத மாத்திரையும், தமிழில் விளக்கிச் சொல்லும் உளவியலாளரும் வேண்டும். நோயாளியின் மொழி தெரியாத வைத்தியர் வாங்கும் கையொப்பத்தைச் சம்மதம் என்று நாம் ஒப்பமாட்டோம்.

இவற்றுட் பலவற்றைச் செய்ய நம் மாகாணத்துக்கே அதிகாரம் உண்டு. 13ஆவது திருத்தத்தின் மாகாணசபைப் பட்டியலில், போதனா வைத்தியசாலைகளும் சிறப்பு நோக்க வைத்தியசாலைகளும் நீங்கலாக, ஏனைய பொது வைத்தியசாலைகளும் தாய் சேய் நலனும் அடங்கும். சென்னை அரசு ஆணையாற் செய்ததை வடமாகாணம், தன் வைத்தியசாலைகள் அளவிலேனும், நியதிச்சட்டத்தாற் செய்யலாம். செய்வதற்குச் சபை எங்கே? 2013 செப்டெம்பரில் மக்கள் பெருவாரியாக வாக்களித்து அமைத்த சபை 2018 ஒக்டோபரில் காலாவதியானது. அதன்பின் ஏழு ஆண்டுகள் தேர்தலின்றிக் கழிந்தன. மாகாணத்தை ஆண்டவர் கொழும்பு அனுப்பிய ஆளுநர்கள். இருந்த ஐந்தாண்டில் நம் சபைதான் என்ன செய்தது? தீர்மானங்களை நூற்றுக்கணக்கில் நிறைவேற்றிற்று, நியதிச்சட்டங்களோ சிலவே. சுயாட்சி கேட்கும் இனம், கையிலிருந்த சிற்றதிகாரத்தையேனும் தன் குழந்தைகளுக்காக எடுத்தாண்டு காட்டியிருக்க வேண்டாமா?

வைத்தியர்களுக்கு ஒரு சொல். சட்டம் வரும்வரை உங்கள் கை கட்டப்பட்டிருக்கவில்லை. உயிராபத்து இல்லாதவிடத்துப் பொறுத்திருங்கள். பெற்றோருக்கு முழுவதையும் தமிழிற் சொல்லுங்கள். பிள்ளை வளர்ந்தபின் தன் வரலாற்றை அறிந்துகொள்ள ஏடுகளைப் பேணிவையுங்கள்.

பாராளுமன்றத்தில் வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு ஆசனங்கள்; கிளிநொச்சியை உள்ளடக்கிய யாழ்ப்பாணத்துக்கு ஆறு. இப்பன்னிருவரும் சட்டமூலம் எழுதும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சுகாதார அமைச்சரை நோக்கி ஒரு வினாவை எழுத்தில் அனுப்பட்டும்: கடந்த பத்தாண்டில் இந்நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளில் எத்தனை குழந்தைகளுக்கு, எந்த வயதில், என்ன காரணத்துக்காக, எவருடைய சம்மதத்துடன் இச்சத்திரசிகிச்சை செய்யப்பட்டது? அவர்களுள் வடமாகாணத்தவர் எத்தனை பேர்? அவ்வினா சபையில் எழும் நாளையும், எழுப்பியவர் பெயரையும், வந்த விடையையும் இவ்வேட்டில் வெளியிடக் காத்திருக்கின்றோம்.